ஜாக்சன் ஹைட்ஸில் வழிகாட்டியுடன் உணவு நடை: பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் ஏழு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். வரும் அக்டோபரில் மதுரையிலிருந்து என் பெற்றோர் மூன்று மாதம் தங்குவதற்கு வருகிறார்கள். சென்ற முறை வந்தபோது சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், புரூக்ளின் பாலம் எல்லாவற்றையும் காட்டினேன். அப்பா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை நீ காட்டவேயில்லையே" என்றார். அவர் அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

குயின்ஸ் பகுதியிலுள்ள ஜாக்சன் ஹைட்ஸில் வழிகாட்டியுடன் நடந்தே சென்று பல நாட்டு உணவுகளைச் சுவைக்கும் நடை ஒன்று இருப்பதாக அலுவலகத் தோழி சொன்னார். மூன்று மணி நேரம், ஆறு இடங்கள், ஒருவருக்கு 85 டாலர் என்று விவரம் அனுப்பியிருக்கிறார்கள். மூவருக்கும் சேர்த்தால் சிறிய தொகை அன்று. அந்தக் கடைகளுக்கு நாமே போனால் இதில் கால்பங்கு செலவில் வயிறு நிறைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, தொலைபேசியில் விவரம் சொன்னபோது அம்மா கேட்டது: "அவர்கள் கஷ்டப்பட்டுப் பிழைக்கிற இடத்தில் பத்துப் பேர் கூட்டமாகப் போய் நின்று வேடிக்கை பார்ப்பதா, கண்ணு?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்று வந்தவர்களோ அந்தப் பகுதியில் வசிப்பவர்களோ வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குயின்ஸ்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. முப்பத்தேழாவது அவென்யூவுக்கு அருகில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவின் கேள்விக்கு நடை நடத்துபவர் எவரேனும் பதில் சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும். அப்பாவின் கேள்விக்கு என்னால் சொல்ல முடியும்.

நீங்களாக வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? 74ஆம் தெரு நிலையத்தில் இறங்குவீர்கள், தெரிந்த உணவகம் ஒன்றில் சாப்பிடுவீர்கள், பட்டேல் பிரதர்ஸில் மளிகை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவீர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்து போகிறார்கள். நானே முதல் ஐந்து ஆண்டுகள், வீட்டிலிருந்து ஆறு நிமிட நடையில் இருக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் நின்று ஒரு வாய் உண்டதில்லை. அந்த மக்களின் மொழியும் தெரியாது, அந்தப் பண்டங்களின் பெயரும் தெரியாது. தெரியாத இடத்தில் கூச்சம் காலைக் கட்டிவிடுகிறது. நல்ல வழிகாட்டி முதலில் அவிழ்ப்பது அந்தக் கட்டைத்தான்.

ஒரு புவியியல் ஆசிரியருக்கு இந்த ஊர் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது வயல்வெளி. 1909 முதல் குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் நிலத்தை வாங்கிப் போட்டது. 1917இல் 7ஆம் எண் மேம்பால ரயில் வந்தது. அதன் பின் உள்முற்றத்தில் தோட்டம் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை வரிசையாகக் கட்டினார்கள். யூதர்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் அங்கே வீடு இல்லை என்று அன்று நிபந்தனை வைத்திருந்தார்கள். நாலாபக்கமிருந்தும் வந்த மக்கள் இன்று குடியிருப்பது அதே கட்டடங்களில்தான். எந்த வாசலில் நின்று இதைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் பதியும் என்பதை வழிகாட்டி அறிந்திருப்பார்.

1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, நாட்டுவாரியாக இருந்த பழைய ஒதுக்கீட்டை எடுத்துவிட்டபோது இந்தியாவிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச் செல்வதற்காக 220 வோல்ட்டில் ஓடும் மிக்சியும் தொலைக்காட்சியும் விற்கும் கடை 74ஆம் தெருவில் திறந்தது. அதைச் சுற்றிப் புடவைக் கடை வந்தது, நகைக் கடை வந்தது, வாங்க வருபவர்களுக்குப் பசிக்கும் என்பதால் இனிப்புக் கடையும் உணவகமும் வந்தன. அத்தெருவின் ஒரு பகுதிக்கு 2004இல் விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் பெயரையும் சூட்டினார்கள்.

பிறகு 1990இல் இன்னொரு சட்டம். குலுக்கல் முறையில் விசா தரும் ஏற்பாடு அதில் வந்தது; வங்கதேசத்தவரும் நேபாளிகளும் அந்த வழியில் நிறையப் பேர் வந்தார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் அகதிகளாக இருந்த திபெத்தியர்களுக்கு ஆயிரம் விசாக்களை அதே சட்டம் தனியாக ஒதுக்கியது. இன்று 74ஆம் தெருவிலிருந்து ஒரு தெரு தள்ளி நடந்தால் கடைப் பலகைகள் இந்தியிலிருந்து வங்காளத்துக்கு மாறுகின்றன. 73ஆம் தெருவுக்கு 2023இல் வங்கதேசத் தெரு என்ற பெயரும் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, வண்டிகள் நுழையாதபடி 2011இல் அடைத்துச் சதுக்கமாக்கிய டைவர்சிட்டி பிளாசா. அங்கே மாலையில் நின்றால் வங்காளம், நேபாளி, திபெத்தியம், உருது, பஞ்சாபி ஐந்தும் ஒரே நேரத்தில் காதில் விழும். மோமோ என்னும் திபெத்தியக் கொழுக்கட்டையை விற்கும் கடை அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு சட்டப் பிரிவு விடையாக இருப்பதை உங்கள் அப்பா மிகவும் விரும்புவார் என்று நினைக்கிறேன்.

ரூஸ்வெல்ட் அவென்யூவில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிக் கிழக்கே நடந்தால் கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ என்று ஊர் மாறிக்கொண்டே போகும். மரியா கானோ என்ற அம்மையார் கொலம்பியாவில் நீதிபதியாக இருந்து, வன்முறையின் காரணமாக நாட்டை விட்டு வந்து, இந்த ரயில் பாலத்தின் கீழே வார இறுதி இரவுகளில் அரெபா என்னும் மக்காச்சோள அடையைச் சுட்டு விற்றார். ஊரே அவரை அரெபா அம்மா என்ற பொருளில் அழைத்தது. பல்லாண்டுகளுக்குப் பின் அவருடைய பிள்ளைகள் அதே பெயரில் கடை திறந்தார்கள். அந்தப் பாலத்தின் அடியில், தலைக்கு மேல் ரயில் இரைந்து போகும்போது நின்று இந்தக் கதையைக் கேட்பது வேறு, நான் இங்கே எழுத நீங்கள் படிப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் கொரோனா மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் எங்கள் பகுதியும் அருகிலுள்ள எல்ம்ஹர்ஸ்ட்டும் முன்வரிசையில் இருந்தன. டாக்சி ஓட்டியவர்கள், சமையலறையில் வேலை செய்தவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள் என்று நாள்தோறும் ஆட்களை இழந்தோம். நான் வழக்கமாகத் தேநீர் குடித்த கடையின் கதவு பிறகு திறக்கவேயில்லை. இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தட்டு தட்டாகக் கைமாற்றும் நடையாக இருந்தால், எத்தனை சுவையாக இருந்தாலும் அதில் நீங்கள் சேர வேண்டாம் என்பேன்.

அடுக்களைச்சைவம் எழுதியது:

அம்மாவின் உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் இரண்டு முறை இந்த நடையில் போயிருக்கிறேன், முட்டை சேர்ப்பதில்லை. முன்பதிவின்போதே "சைவம்" என்று எழுதினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பொருள் உண்டு. முட்டை, மீன் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

வங்கதேசத்தவரின் ஃபுச்கா நம் பானிபூரிக்கு நெருங்கிய உறவு. உள்ளே உருளைக்கிழங்கும் பட்டாணியும், தொட்டுக்கொள்ளப் புளித்தண்ணீரும். ஆனால் மேலே அவித்த முட்டையைத் துருவித் தூவுவது அவர்கள் வழக்கம். வண்டிக்காரர் கையை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஜால்முரி என்பது பொரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கலப்பது. அதில் ஊற்றும் கடுகெண்ணெய் நெடியை நல்லெண்ணெய்க்குப் பழகிய மூக்கு ஏற்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான்.

மோமோவில் காய்கறி வகை கிடைக்கும், ஆனால் மாட்டிறைச்சி மோமோ வேகும் அடுக்கிலேயே அதையும் வைத்து வேகவைக்கிறார்கள். உங்கள் அம்மா அதைப் பொருட்படுத்துபவராக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக லாபிங் கேளுங்கள். பச்சைப்பயற்றின் மாவுச்சத்தைக் காய்ச்சி உறையவைத்து, பட்டை பட்டையாக அறுத்து, பூண்டும் வினிகரும் மிளகாய் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். குளிர்ச்சியும் காரமும் ஒன்றாக இறங்கும் அந்த உணவுக்கு நம் சமையலில் இணையாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அக்டோபரில் வருகிறீர்கள் என்பதால் நேபாளிக் கடைகளில் சேல் ரொட்டியும் எளிதில் கிடைக்கும். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து வளையமாக எண்ணெயில் விடுவது; திகார் பண்டிகைக்கு அவர்கள் வீடுதோறும் செய்வது.

ரூஸ்வெல்ட் அவென்யூவில் கூடுதல் கவனம் வேண்டும். தமாலே என்னும் மக்காச்சோளக் கொழுக்கட்டையின் மாவைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்த்துத்தான் பிசைவார்கள். கொலம்பியர்களின் பாலாடைக்கட்டி ரொட்டிகள் பலவற்றில் முட்டை இருக்கும். மக்காச்சோளத்தை அரைத்து வெண்ணெயில் சுட்டு, நடுவே பாலாடைக்கட்டி வைத்து மடித்துத் தரும் அரெபா பார்ப்பதற்குச் சைவம்தான். இருந்தாலும் சில பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் திரிய வைக்கிறார்கள் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்து தீர்மானிப்பது அவர் உரிமை. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் மாம்பழத்தைப் பூவாகச் செதுக்கி, எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் பெண்கள் அத்தெருவில் நிற்பார்கள். மதுரையில் பள்ளி வாசலில் மாங்காய் வாங்கித் தின்றவருக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நடைத்துணை எழுதியது:

வணக்கம். நான் குயின்ஸில் ஒன்பது ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறேன். நியூயார்க்கில் கட்டணம் பெற்று ஊர் சுற்றிக் காட்ட வேண்டுமானால் நகர நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். 150 கேள்விகள் கொண்ட தேர்வு எழுதித்தான் அதைப் பெற முடியும். உங்களை அழைத்துப் போகிறவரிடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் தாயார் கேட்ட கேள்வியை நான் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டே என்னிடம் ஒரு கடைக்காரர் வேறு விதமாகக் கேட்டார். ஒரு சனிக்கிழமை நண்பகலில் பதினான்கு பேரை அவருடைய எட்டு நாற்காலிக் கடைக்குள் அழைத்துப் போய், இரண்டு தட்டு மோமோ வாங்கி ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து, இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்ற அவருடைய அன்றாட வாடிக்கையாளர்கள் நான்கு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். "அம்மா, நீங்கள் எனக்குக் கொடுத்தது பதினாறு டாலர், எடுத்துக்கொண்டது என் மதிய வியாபாரம்" என்றார் அவர். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பிறகு எட்டுப் பேருக்கு மேல் நான் அழைத்துப் போவதில்லை. வார நாட்களில், மதியக் கூட்டம் ஓய்ந்த பின்தான் நடை. எத்தனை பேரோ அத்தனை தட்டுக்கும் பலகையில் எழுதியிருக்கும் முழு விலை. வரும் நேரத்தை முதல் நாளே கடைக்குச் சொல்லிவிடுவேன். "உங்களுக்கு விளம்பரம் கிடைக்கிறதே" என்று சொல்லிக் கடைக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்பவர்களும், ஆள் அனுப்புவதற்குத் தரகு கேட்பவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் கொடுக்கும் 85 டாலரில் கடைகளுக்கு எவ்வளவு போகிறது என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர் பதில் சொல்வார், சொல்ல மகிழ்வார்; மழுப்புபவரை விட்டுவிடலாம்.

தள்ளுவண்டிகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நகரில் உணவு வண்டிகளுக்கான அனுமதிகளின் எண்ணிக்கைக்கு 1983இல் வரம்பு கட்டினார்கள். வண்டி போட விரும்புவோர் பெருகிக்கொண்டே போக, அனுமதி பெருகவில்லை. அதனால் அனுமதி வைத்திருப்பவரிடம் கள்ளச் சந்தையில் பெருந்தொகை கொடுத்து வாடகைக்கு எடுப்பவர்களும், எதுவும் இல்லாமல் துணிந்து நிற்பவர்களும் உண்டானார்கள். ஆண்டுக்கு 445 வீதம் பத்து ஆண்டுகளுக்குப் புதிய உரிமங்கள் தருவதற்கு 2021இல் சட்டம் வந்தது. அவை கைக்கு வந்த வேகம் மிகக் குறைவு. 2023 ஜூலையில் பக்கத்திலுள்ள கொரோனா என்ற பகுதியின் சதுக்கமான கொரோனா பிளாசாவில், உரிமம் இல்லை என்று பல கடைகளை நகரத் துப்புரவுத் துறையினர் அகற்றியபோது, அந்த மாதம் வாடகை கட்ட வழியில்லாமல் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். சிலருக்கு நாட்டில் தங்கும் ஆவணங்களும் முழுமையாக இருக்காது. அப்படி நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தையும், பின்னால் தெருப் பெயர்ப் பலகையையும் சேர்த்துப் படமெடுத்து இணையத்தில் போடுவது அவரைக் காட்டிக் கொடுப்பதற்குச் சமம். என் நடைகளில் உணவைப் படமெடுக்கலாம். ஆளைப் படமெடுக்க அவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டுமே. இதைப் புறப்படும் முன்பே சொல்லாத வழிகாட்டி எவ்வளவு கதை சொன்னாலும் எனக்கு அவர்மேல் மதிப்பில்லை.

தாயாரிடம் என் சார்பில் இதைச் சொல்லுங்கள்: வேடிக்கை பார்ப்பவர் எதிரே இருப்பவரிடம் பேசமாட்டார், காசு கொடுத்து வாங்கமாட்டார், பெயர் கேட்கமாட்டார். இம்மூன்றையும் செய்பவரைக் கடைக்காரர்கள் விருந்தாளியாகவே நடத்துகிறார்கள்.

அப்பாவின் முழங்காலுக்கு: மூன்று மணி நேர நடையில் தூரம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் நிற்கும் நேரம் அதிகம். கால் வலிப்பவரை வருத்துவது நிற்பதுதான். உட்கார இடமுள்ள கடைகள் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தாலும் எவரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடைத்துணை அவர்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "அந்தப் பெண்ணோடு என்றால் வருகிறேன்" என்றார்! நீங்கள் எந்த நிறுவனத்துடன் நடத்துகிறீர்கள் என்று பொதுவில் கேட்பது முறையா என்று தெரியாததால் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். தோழி அனுப்பிய நிறுவனத்திடமும் கேட்டேன். கடைகளுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

ஒரு சிறு கேள்வி. அதே நாளில் ஃபிளஷிங் பிள்ளையார் கோவிலுக்கும் போய்வர முடியுமா?

குயின்ஸ்வாசி எழுதியது:

முடியும், ஆனால் காலையில் கோவில், பிற்பகலில் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 7ஆம் எண் ரயிலின் கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்லுங்கள். அப்பாவை நடக்க வைக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலியோர் 1970இல் தொடங்கிய அமைப்பு, ஒரு பழைய தேவாலயம் இருந்த இடத்தில் எழுப்பி, 1977 ஜூலை 4ஆம் நாள் குடமுழுக்குச் செய்த கோவில் அது. அடித்தளத்தில் உள்ள சிற்றுண்டிச் சாலையில் அம்மா எதையும் விசாரிக்காமல் வயிறார உண்ணலாம். ஆனால் தோசையை ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், பிற்பகலில் ஆறு இடங்கள் இருக்கின்றன.

கோவில் நிற்கும் பௌன் தெருவை அப்பாவுக்குத் தவறாமல் காட்டுங்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபடுவதற்கு டச்சு ஆளுநர் ஸ்டைவசன்ட் தடை விதித்திருந்த காலத்தில், அதை ஏற்க முடியாது என்று ஃபிளஷிங் ஊர்க்காரர்கள் 1657இல் அவருக்கே கையெழுத்திட்டு எழுதினார்கள். தன் வீட்டில் அவர்கள் கூடி வழிபட இடம் கொடுத்ததற்காகப் பிற்பாடு கைதானவர் ஜான் பௌன். அவருடைய வீடு அதே தெருவில் இன்னமும் நிற்கிறது. அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய தெருவில்தான் நம் பிள்ளையார் வீற்றிருக்கிறார். 2022இல் அத்தெருவுக்குக் கணேசர் கோவில் தெரு என்ற பெயரையும் சேர்த்தார்கள்.

வைகைக்கரை எழுதியது:

சென்ற வியாழக்கிழமை போய் வந்தோம். தனிமடலில் பேசி, நடைத்துணை அவர்களுடனேயே சென்றோம். எங்களையும் சேர்த்து ஏழு பேர்.

அப்பா ஒரு சிறிய குறிப்பேடு எடுத்து வந்திருந்தார். 1965, 1990 என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நாங்கள் தின்ற பண்டங்களின் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டார். நாற்காலியை விரிக்க வேண்டிய தேவை ஒருமுறைதான் வந்தது. அந்தப் பழைய குடியிருப்பின் வாசலில், யாருக்கு அங்கே இடமில்லை என்றிருந்தது என்று சொன்னபோது, அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எங்கள் ஊரிலும் இப்படித் தெருக்கள் உண்டு என்று மட்டும் சொன்னார்.

சேல் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்ததும் அம்மா, இது அதிரசத்தின் தங்கை என்றார். கடைப் பெண்மணிக்கு இந்தி தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நடுவே நின்று நான் மொழிபெயர்த்தேன். மாவை எத்தனை நேரம் ஊறவைக்கிறீர்கள் என்று அம்மா கேட்க, அவர் விரலை விட்டு எண்ணிக் காட்ட, பாகு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அம்மா சொல்ல, பின்னால் நின்ற இருவர் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண்மணி நான்கு ரொட்டிகளைத் தாளில் சுற்றிக் கொடுத்துக் காசு வேண்டாம் என்றார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பணத்தைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, தீபாவளிக்கு அதிரசம் சுட்டுக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெல்லத்துக்காக நேற்று பட்டேல் பிரதர்ஸுக்குப் போனோம்.